ஆர்கேட் பலகைக்கு அக்ரிலிக் உறை

நாணயம் போட்டு வீடியோ விளையாட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரத்தின் மரப்பெட்டி செல்லரித்துப் போகலாம், படக்குழாய் மங்கிப் போகலாம், பொத்தான்கள் தேய்ந்து கழன்று விழலாம். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை மட்டும் நன்றாக இருந்துவிட்டால் அந்த விளையாட்டை மீண்டும் ஓட்டிவிடலாம். நிரலும் படங்களும் ஒலியும் அந்தப் பலகையில் பதித்த சிப்களுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் முழு இயந்திரத்தையும் வைத்துக்கொள்ள இடமில்லாத சேகரிப்பாளர்கள் பலகையை மட்டும் வாங்கி, சூப்பர்கன் என்று அழைக்கப்படும் சிறிய பெட்டியின் வழியாக மின்சாரமும் திரையும் கைப்பிடியும் கொடுத்து விளையாடுகிறார்கள். அப்படிக் கைமாறும் பலகைகளில் பெரும்பாலானவை எந்த உறையும் இல்லாதவை. பின்பக்கம் முழுவதும் சால்டர் முனைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்க, முன்பக்கம் கப்பாசிட்டர்கள் எப்போது வளையுமோ என்று நிற்க, ஒன்றின் மேல் ஒன்றாக அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டு அவை பல பத்தாண்டுகளைக் கடந்திருக்கின்றன.

இந்தப் பலகைகளுக்கு அக்ரிலிக் உறை செய்வதைப் பல ஆண்டுகளாக ஒரு வேலையாகவே செய்து வருகிறேன். பளபளக்கும் இரண்டு தகடுகளுக்கு இடையே பலகையைப் பொருத்திச் சுவரில் மாட்டுவது எளிது. அந்த உறையோடு சேர்த்தே பலகையை ஓட்டவும், பழுது பார்க்கவும், தேவையானால் ஒரு தடமும் இல்லாமல் உறையைக் கழற்றிவிடவும் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால்தான் வேலை கடினமாகிறது. பலகைக்காக உறை வளைந்து கொடுக்க வேண்டுமே தவிர, உறைக்காகப் பலகையில் ஒரு துளைகூட விழக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கீழே எழுதியிருப்பவை எல்லாம் இந்த ஒரு பிடிவாதத்திலிருந்து வந்தவைதான்.

பலகைகள் உறையின்றிப் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவை இயந்திரத்தின் மரப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் கால்களின் மேல் திருகி வைக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டவை. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதற்குத் தனி உறை எதற்கு என்று அன்று நினைத்தது நியாயம்தான். பிற்காலத்தில் விளையாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் முறை பரவியபோது தயாரிப்பாளர்களே உறை போடத் தொடங்கினார்கள். 1990இல் வந்த எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ எம்விஎஸ் விளையாட்டுகள் கூட்டோடு செருகி எடுக்கும் கேட்ரிட்ஜ் வடிவில் இருந்தன. 1993இல் வந்த கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 பலகைகள் பிளாஸ்டிக் கூடுகளுக்குள் வந்தன. கையால் தொட்டு மாற்றப்படும் பொருளுக்குக் கூடு வேண்டும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய பலகைகளும் இன்று கையால் தொட்டு மாற்றப்படும் பொருள்களாகிவிட்டன. அவற்றுக்கான கூட்டை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

உறைக்குள் போவதற்கு முன் பலகையின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. சில பலகைகளில் சால்டர் செய்யப்பட்டிருக்கும் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் காலப்போக்கில் கசிந்து, சுற்றியிருக்கும் செப்புத் தடங்களை அரித்துவிடும். மூடிய உறைக்குள் அந்தக் கசிவு நடந்தால் அருகிலுள்ள சிப் கால்களும் சாக்கெட்டுகளும் சேர்ந்தே போகும். சிபிஎஸ்-2 போன்றவற்றில் பிரச்சினை வேறு வகையானது: நிரலின் மறைகுறியைத் திறக்கும் சாவி பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்தில் இருப்பதால், பேட்டரி தீர்ந்தால் விளையாட்டே ஓடாது. இப்படிப்பட்ட பலகைகளுக்கு உறை செய்யும்போது பேட்டரி கண்ணில் படும்படியும், தகட்டைக் கழற்றாமலே வோல்ட்மீட்டர் முனையை வைத்துப் பார்க்கும்படியும் ஒரு சிறு திறப்பு விடுகிறேன். கடைசியாகப் பேட்டரி மாற்றிய ஆண்டையும் மாதத்தையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி அந்தத் திறப்பின் பக்கத்தில் ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்தது ஈபிராம். தெளிவான உறை என்று வந்தவுடன் எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். பழைய பலகைகளின் நிரல் பெரும்பாலும் ஈபிராம் எனப்படும், அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சிப்களில் இருக்கிறது. அந்தச் சிப்பின் நடுவில் ஒரு சிறிய குவார்ட்ஸ் சாளரம் இருக்கும். அதன் வழியாக 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியைப் பாய்ச்சித்தான் உள்ளடக்கத்தை அழிப்பார்கள். அழிப்பதற்கான அதே வழி எப்போதும் திறந்தே இருக்கிறது என்பதைச் சிப் தயாரிப்பாளர்களின் தகவல் தாள்களே எச்சரித்திருக்கின்றன: நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், அறையின் ஃப்ளோரசன்ட் விளக்கொளியில் தொடர்ந்து வைத்தால் ஏறத்தாழ 3 ஆண்டுகளிலும் உள்ளடக்கம் அழியக்கூடும். மரப்பெட்டிக்குள் இருட்டில் இருந்தவரை இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. சுவரில் தெளிவான உறைக்குள், விளக்கடியில் மாட்டப்பட்ட பலகையின் கதை வேறு.

தொழிற்சாலையில் ஒட்டிய காகித லேபிள்கள் இந்தச் சாளரத்தை மூடத்தான் ஒட்டப்பட்டவை. ஆனால் பசை காய்ந்து அவற்றில் பல உதிர்ந்துவிட்டன. லேபிள் இல்லாத சாளரம் ஒவ்வொன்றின் மீதும், ஒளி புகாத, உட்புறம் உலோகப் படலம் கொண்ட சிறு ஒட்டியை வைத்த பின்புதான் பலகையை உறைக்குள் கொண்டுபோகிறேன். ஒட்டியின் விளிம்பு சிப்பின் கால்களைத் தொடாதவாறு அளவாக வெட்ட வேண்டும். பாதி உரிந்து நிற்கும் மூல லேபிளைப் பிடுங்கி எறிவதில்லை. விளையாட்டின் பதிப்பு எண்ணும் சிப் இடமும் அதில் எழுதப்பட்டிருக்கும், பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு அது வேண்டும். அதைத் தொடாமல் சாளரத்தை மட்டும் மறைத்தால் போதும். சந்தையில் கிடைக்கும் அக்ரிலிக் தகடுகளில் பல புறஊதாவை ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் தகட்டை நம்பிச் சாளரத்தைத் திறந்து வைப்பதை நான் ஏற்கவில்லை. எந்தத் தகட்டில் எவ்வளவு தடுப்பு என்பது வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஒட்டியோ ஒரு நிமிட வேலை.

இனி அளவெடுப்பு. ஆர்கேட் பலகைகளுக்குப் பொது அளவு என்று எதுவும் கிடையாது. திருகுத் துளைகள் எங்கே இருக்கும் என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். என் வழி, பலகையைத் தட்டை ஸ்கேனரில் வைத்து, பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோலையும் வைத்து 300 டிபிஐ அளவில் படமெடுத்து, அந்தப் படத்தின் மேல் வரைபட மென்பொருளில் கோடு போடுவது. இதற்குப் பழைய, தடித்த, சிசிடி வகை ஸ்கேனர்தான் ஏற்றது. இன்றைய மெல்லிய ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் உணரிக்குக் கண்ணாடியோடு ஒட்டி இருக்கும் பொருள் மட்டுமே தெளிவாகத் தெரியும். பலகையோ அதன் சால்டர் முனைகளின் மேல் கண்ணாடியிலிருந்து 2 மிமீ உயர்ந்து நிற்பதால் துளைகளின் விளிம்பு மங்கிப் போகும். சால்டர் முனைகள் கண்ணாடியைக் கீறாமலிருக்க இடையில் ஒரு தெளிவான மெல்லிய படலத்தை விரிப்பதும் அவசியம்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் துளைகளுக்கு இடையேயான தொலைவைக் காலிப்பரால் சரிபார்க்காமல் வெட்டுக்கு அனுப்பக்கூடாது. துளையின் மையம் என்பது வெற்றிடம். அதில் காலிப்பரின் முனையை வைக்க முடியாது. இரண்டு துளைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு ஒரு முறையும், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு ஒரு முறையும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தொலைவு கிடைத்துவிடும். துளைகள் வெவ்வேறு விட்டம் கொண்டவையாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிசகாது. மூலைவிட்டங்கள் இரண்டையும் இப்படியே அளக்கிறேன், ஏனென்றால் பழைய பலகைகள் எல்லாமே சரியான செவ்வகங்கள் என்று சொல்லிவிட முடியாது. பிறகு முழு வரைபடத்தையும் காகிதத்தில் அச்சிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, திருகுகளைப் போட்டுப் பார்க்கிறேன். அட்டையில் பொருந்தாதது அக்ரிலிக்கிலும் பொருந்தாது.

உயரங்களும் அளக்கப்பட வேண்டும். பலகையின் தடிமன் பொதுவாக 1.6 மிமீ. பின்புறத்தில் சால்டர் முனைகளுக்கு மேல் 2, 3 மிமீ நீளும் சிப் கால்களும், பழுது பார்த்தவர்கள் பின்னால் இழுத்துச் சால்டர் செய்த ஒட்டுக்கம்பிகளும் இருக்கும். அந்தக் கம்பிகளில் தொழிற்சாலையே போட்டவையும் உண்டு. பின்பக்கத் தகட்டுக்கும் பலகைக்கும் இடையே 8 மிமீ விட்டால் இவை அனைத்துக்கும் இடம் கிடைத்து, காற்றும் போகும். முன்பக்கத்தில் மிக உயரமான உறுப்பு எதுவோ அதற்கு மேல் குறைந்தது 5 மிமீ இடைவெளி விடுகிறேன். பெரும்பாலும் அது ஒலிபெருக்கி சிப்பின் வெப்பத் தகடாகவோ நிற்கும் கப்பாசிட்டராகவோ இருக்கும். மூடி சிப்களை அழுத்தக்கூடாது. சாக்கெட்டில் இருக்கும் சிப்கள் சூடாகியும் குளிர்ந்தும் மெல்ல மெல்ல மேலெழும்பி வருவது பழைய பலகைகளில் வழக்கம். எழும்பியதைப் பக்கவாட்டில் பார்த்தே கண்டுபிடித்து உறையைத் திறந்து சரியாக அழுத்திவிடலாம் என்பது தெளிவான உறையின் பெரிய பயன். மூடியே அழுத்திக்கொண்டிருந்தால் அந்த எடை முழுவதும் சாக்கெட்டின் சால்டருக்குப் போகும்.

உறையின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது பலகையின் விளிம்பிலிருக்கும் தொடுமுனைகள். 1985இல் ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர்களின் சங்கம் கொண்டுவந்த ஜாம்மா என்னும் பொது இணைப்பு முறையில், பலகையின் ஒரு விளிம்பில் பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே 3.96 மிமீ, முதல் முனையின் மையத்திலிருந்து கடைசி முனையின் மையம் வரை 27 இடைவெளிகள், அதாவது 106.92 மிமீ. இதில் பொருந்தும் கனெக்டரின் உடல் இதைவிட நீளமானது, தடித்தது. பலகையின் மேலும் கீழும் துருத்திக்கொண்டு நிற்கும். எனவே இரண்டு தகடுகளும் இந்த இடத்தில் உள்வாங்கி வெட்டப்பட வேண்டும். எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதைப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், உண்மையான கனெக்டரைச் செருகி அளந்து, இருபுறமும் விரல் நுழையும் அளவு கூட்டிக்கொள்கிறேன். கனெக்டரைக் கழற்றும்போது கம்பிகளைப் பிடித்து இழுக்காமல் அதன் உடலைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் விரலுக்கு இடம் வேண்டும்.

56 முனைகளும் ஒரே நேரத்தில் கவ்வுவதால் செருகுவதற்கு நல்ல பலம் தேவைப்படும். கனெக்டருக்கு அருகில் திருகுத் துளை இல்லாத பலகைகள் ஏராளம். அவற்றைச் செருகும்போதும் இழுக்கும்போதும் பலகை வில்லாக வளைகிறது. அந்த வளைவுதான் நுண்ணிய சால்டர் இணைப்புகளில் விரிசல் விடக் காரணம். பலகையில் துளை போடக்கூடாது என்று வைத்துக்கொண்டிருப்பதால், கீழ்த்தகட்டிலிருந்து எழும் குட்டையான நைலான் தூண்களைத் தொடுமுனைகளுக்குச் சற்று உள்ளே, செப்புத் தடமோ சால்டரோ இல்லாத வெற்றிடம் பார்த்து நிறுத்துகிறேன். அதே இடத்துக்கு நேர் மேலே, சிப்கள் இடம் கொடுத்தால், மூடியிலிருந்து இறங்கும் தூண்களும் உண்டு. பலகை இரண்டுக்கும் இடையே நெரிபடாமல், சும்மா தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மெல்லிய காகிதத்தை இடையில் விட்டு இழுத்தால் லேசான பிடிப்போடு வெளியே வருவதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

கனெக்டரைத் தலைகீழாகச் செருகும் ஆபத்தையும் உறை தடுக்க முடியும். ஜாம்மாவில் 7ஆவது இடம் சாவி இடம். பலகையில் அங்கே ஒரு பிளவு இருக்க, கனெக்டரில் ஒரு தடுப்புத் துண்டு இருக்க வேண்டும். ஆனால் பல கனெக்டர்களில் அந்தத் துண்டு தொலைந்து போயிருக்கிறது. தலைகீழாகச் செருகினால் 6ஆவது முனையின் 12 வோல்ட் நேராக 23ஆவது முனைக்குப் போகும். அது பொத்தானுக்கான உள்ளீடு, 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காதது. எனவே மேல்தகட்டில் கனெக்டரின் வெட்டுக்கு அருகில் உறுப்புப் பக்கம் என்றும், முதல் முனையின் நேரே 1 என்றும் லேசரால் செதுக்கிவிடுகிறேன். இன்னும் ஒரு படி மேலே போய், இருபுறத் தகடுகளின் வெட்டையும் வெவ்வேறு ஆழத்தில் அமைத்தால், கனெக்டரின் திருகுக் காதுகள் ஒரு பக்கத்தில் மட்டுமே நுழையும்படி செய்ய முடிகிறது. ஜாம்மாவுக்கு முந்தைய பலகைகளில் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 1980இல் வந்த பாக்-மேன் பலகையில் 44 முனைகள்தான். அவற்றுக்கு ஜாம்மா அடாப்டர் ஒன்று நிரந்தரமாகவே செருகப்பட்டிருக்கும் என்பதால், அடாப்டரையும் சேர்த்து நீட்டி உறை செய்து, அதையும் தனித் தூண்களில் தாங்க வைப்பதே சரி. அந்தரத்தில் தொங்கும் அடாப்டர் ஒரு நெம்புகோலாகி மூலத் தொடுமுனைகளைத் தேய்த்துவிடும்.

அக்ரிலிக் தகட்டில் இரண்டு வகை உண்டு: அச்சில் ஊற்றி வார்த்தது, இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தது. பிதுக்கிய தகட்டின் தடிமன் சீராக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதற்குள் இறுக்கம் தேங்கி நிற்கும், ஆல்கஹால் பட்டால் எளிதில் வெடிப்பு விடும், லேசரால் செதுக்கினால் எழுத்து தெளிவாக வெளுக்காது. வார்த்த தகட்டில் செதுக்கிய எழுத்து பனி படர்ந்தாற்போல வெண்மையாகத் தெரியும், வெட்டு விளிம்பும் வெடிப்பைக் கூடுதலாகத் தாங்கும். அதன் குறை தடிமன்தான். 3 மிமீ என்று வாங்கிய தகடு ஒரு மூலையில் 2.7 ஆகவும் இன்னொரு மூலையில் 3.3 ஆகவும் இருக்கக்கூடும். பல்லும் பள்ளமுமாகப் பக்கச் சுவர்களைக் கோக்கும் பெட்டி வடிவில் இந்த வேறுபாடு பெரும் தொல்லை. தூண்களின் மேல் நிற்கும் இரண்டு தகடுகள் என்ற வடிவத்தில் தடிமன் எதையும் தீர்மானிப்பதில்லை. அதனால் வார்த்த தகட்டையும் இரட்டைத் தகட்டு வடிவத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறேன்: கீழே 5 மிமீ, மேலே 3 மிமீ. 400க்கு 300 மிமீ அளவில் கீழ்த்தகடு மட்டுமே 700 கிராமுக்குச் சற்று மேல் வரும் என்பதைச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

லேசர் வெட்டில் ஒளிக்கற்றை எடுத்துக்கொள்ளும் அகலம் 0.1 முதல் 0.2 மிமீ வரை இருக்கும். வெட்டுபவரிடம் ஒரு சிறு சதுரத்தை முதலில் வெட்டித் தரச் சொல்லி அளந்துவிட்டால் மற்ற அளவுகளைத் திருத்திக்கொள்ளலாம். உள்மூலைகள் எதையும் கூராக விடக்கூடாது. கூரான உள்மூலையிலிருந்துதான் அக்ரிலிக் பிளக்கத் தொடங்கும். 2 மிமீ ஆரமாவது கொடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் வெப்பத்தால் இறுக்கம் தேங்கியிருக்கும். 80 டிகிரி செல்சியஸ் அளவில் சீரான சூட்டில் சில மணி நேரம் வைத்து, மிக மெல்ல ஆறவிட்டால் அது தணியும். இந்த வசதி இல்லாதவர்கள் ஆல்கஹாலை உறையின் பக்கமே கொண்டுபோகாமல் இருந்தால் போதும். பலகையைத் துடைக்க எல்லோரும் பயன்படுத்துவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: துடைத்த பலகை சிப்களின் அடிவரை முழுவதும் உலர்ந்த பின்பே உறைக்குள் போக வேண்டும். ஈரம் சொட்டி விளிம்பில் பட்டால், அன்று ஒன்றும் தெரியாது. பிறகு துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல நுண்கோடுகள் தோன்றும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான்களுக்கும் இதே விதிதான்.

திருகு கழலாமலிருக்க ஊற்றும் பசைகளையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். உலோகத்துக்கு அருமையான அந்தத் திரவங்கள் அக்ரிலிக்கில் வெடிப்பு உண்டாக்கும். திருகு நிலைக்க வேண்டுமானால் நைலான் வளையம் பதித்த நட்டே போதும். அடிக்கால்களுக்கு மலிவான மென்-பிவிசி ரப்பரைத் தவிர்த்துச் சிலிகான் கால்களை வைக்கிறேன். மென்-பிவிசியிலிருந்து கசியும் நெகிழ்பொருள் நாளடைவில் அக்ரிலிக்கைத் தாக்கும்.

துளைகளின் அளவில் சிக்கனம் கூடாது. அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.07 மிமீ விரியும். பலகையின் விரிவு அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 350 மிமீ நீளத்தில் 20 டிகிரி ஏறினால் தகடு அரை மிமீ நீள்கிறது, பலகை 0.1 மிமீதான் நீள்கிறது. எல்லாத் துளைகளையும் எம்3 எனப்படும் 3 மிமீ திருகுக்கு இறுக்கமாக வெட்டினால் இந்த வேறுபாடு முழுவதும் பலகையை இழுக்கும் விசையாக மாறும். ஒரு மூலைத் துளையை மட்டும் 3.1 மிமீக்கும் மற்றவற்றை 3.6 மிமீக்கும் வெட்டினால் தகடு ஒரு புள்ளியில் நிலைத்து மற்ற திசைகளில் தானாக நகர்ந்துகொள்ளும். பலகையின் துளையைச் சுற்றித் தடங்கள் நெருங்கி ஓடும் இடங்களில் பலகையைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் பித்தளை ஸ்பேசரை நேரடியாக வைக்காமல் நைலான் வாஷர் ஒன்றை இடையில் வைக்கிறேன். தடங்களை மூடியிருக்கும் பச்சைப் பூச்சு சுரண்டப்பட்டால் ஸ்பேசர் இரண்டு தடங்களை இணைத்துவிடும்.

நிலைமின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் அக்ரிலிக் உறையைப் பற்றிப் பேசக்கூடாது. அக்ரிலிக் நல்ல மின்காப்பி. அதன் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தை ஒரே இழுப்பில் உரித்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தேங்கும். உரித்த தகட்டைக் கையின் பின்புறத்துக்கு அருகில் கொண்டுவந்தால் ரோமம் சிலிர்த்து எழுவதைப் பார்க்கலாம். அந்தத் தகட்டை அப்படியே பழைய சிப்களின் மேல் இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. பலகை வேறொரு மேசையில் நிலைமின் தடுப்புப் பையில் இருக்கும்போதே படலத்தை மெல்ல உரித்து, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் இருபுறமும் துடைத்து, உலரவிட்டு, மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு பிறகே இரண்டையும் சேர்க்கிறேன். உறைக்குள் போன பின்பும் உலர்ந்த துணியால் தகட்டைத் தேய்க்கக்கூடாது. தேய்த்த இடம் இன்னும் அதிகத் தூசியை இழுக்கும். மின்னூட்டம் தேங்காத பூச்சு கொண்ட அக்ரிலிக் தகடுகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். அரிய பலகைக்கு அந்தச் செலவைத் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

வெப்பத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான், அது தீர்க்கக்கூடியதும்கூட. டிடிஎல் எனப்படும் பழைய வகை லாஜிக் சிப்கள் நூற்றுக்கும் மேல் நிறைந்த பலகை 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்தால் 20 வாட் வெப்பம் அந்தத் தட்டையான இடைவெளிக்குள் எழுகிறது. நான்கு பக்கமும் மூடிய பெட்டியில் அது தேங்கும். பக்கங்கள் திறந்த இரட்டைத் தகட்டு வடிவில், பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால், சூடான காற்று தானே மேலேறிக் கீழிருந்து புதுக் காற்றை இழுத்துக்கொள்ளும்; விசிறி தேவைப்படுவதில்லை. படுக்க வைத்து ஓட்டுபவர்களுக்காக, அதிகம் சுடும் சிப்களுக்கு நேர் மேலே மூடியில் நீண்ட பிளவுகள் வெட்டுகிறேன். எந்தச் சிப் சுடுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. உறை வரைவதற்கு முன்பே பலகையை அரை மணி நேரம் ஓட்டி, வெப்பமானியால் ஒவ்வோர் இடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தூசி விழுமே என்று சிலர் பக்கங்களை மூடச் சொல்கிறார்கள். தூசியைத் தூரிகையால் தள்ளிவிடலாம். வெந்துபோன பிரத்தியேகச் சிப்புக்கு மாற்று எங்கும் கிடைக்காது. ஓடாத நேரத்தில் துணியுறை ஒன்றைப் போர்த்தி வைப்பது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

மூடியில் வேறு சில திறப்புகளும் வேண்டும்: ஒலி அளவைத் திருப்பும் குமிழுக்கு ஒன்று, சோதனைப் பொத்தான் இருந்தால் அதற்கு ஒன்று, டிப் ஸ்விட்ச்களுக்கு ஒன்று. உயிர் எண்ணிக்கை, கடினத்தன்மை, ஒரு நாணயத்துக்கு எத்தனை ஆட்டம் என்பதெல்லாம் இந்த ஸ்விட்ச்களில்தான் அமைக்கப்படுகின்றன. அவற்றின் பட்டியலைத் திறப்பின் ஓரத்தில் சிறிய எழுத்தில் செதுக்கிவிட்டால் கையேட்டைத் தேட வேண்டியதில்லை.

அடுக்குப் பலகைகளுக்கு இதுவரை சொன்னதோடு இன்னொரு கவனமும் தேவை. 1988இல் தொடங்கிய கேப்காமின் சிபிஎஸ்-1 ஏ, பி, சி என மூன்று பலகைகளாக, கனெக்டர்களால் நேரடியாகக் கோக்கப்பட்டு நிற்கிறது. ஆர்-டைப் விளையாட்டு ஓடும் ஐரெம் நிறுவனத்தின் எம்72இல் பலகைகளைத் தட்டைக் கம்பிப்பட்டைகள் இணைக்கின்றன. இவற்றில் பலகைகளுக்கு இடையேயான தொழிற்சாலை ஸ்பேசர்களை நான் மாற்றுவதே இல்லை. அந்த உயரம் கனெக்டரின் உயரத்துக்குச் சரியாகக் கணக்கிடப்பட்டது. அரை மிமீ கூடினாலும் இணைப்பு பாதி கழன்று, ஓடும்போது ஓடி நிற்கும்போது நிற்கும் வகையான பழுதாக வந்து சேரும். உறை அடுக்கின் அடிப்பலகையை மட்டுமே கீழிருந்து பிடிக்கும். மேல்தகட்டைத் தாங்கும் தூண்கள் பலகைகளைத் தொடாமல் அவற்றின் சுற்றளவுக்கு வெளியே நேராகக் கீழ்த்தகட்டுக்கு இறங்கும். இதனால் உறை ஒவ்வொரு பக்கமும் 12 மிமீயாவது பெரிதாகிறது. கம்பிப்பட்டை அடுக்கின் ஓரத்தைத் தாண்டி வளைந்து திரும்பும் பக்கத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டும். பழைய கம்பிப்பட்டையின் வளைவு தகட்டின் விளிம்பில் உரசினால் கம்பி உள்ளுக்குள் அறுந்து போகும்.

உறை செய்து முடித்தவர்கள் தங்கள் வரைபடக் கோப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பதை இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிறேன், மனதார வரவேற்கிறேன். கொடுக்கும்போது விளையாட்டின் பெயரை மட்டும் எழுதாமல், பலகையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பகுதி எண்ணையும் திருத்த எழுத்தையும், எந்தத் தடிமன் தகட்டுக்கு வரைந்தது, லேசரின் வெட்டு அகலம் கழிக்கப்பட்டதா இல்லையா என்பதையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிட வேண்டும். ஒரே விளையாட்டு வெவ்வேறு பலகைகளில் வந்திருப்பது சகஜம். கோப்பைப் பெறுபவரும் அட்டையில் ஒரு முறை வெட்டித் தன் பலகையோடு வைத்துப் பார்த்துவிட்டு, துளைகள் பொருந்தினால் மட்டும் தகட்டை வெட்டுக்கு அனுப்பட்டும்.